மூடிக்குள் ஒரு டாங்கி

பிளாஸ்டிக் டாங்கிகளின் உள்ளே ஒருகாலத்தில் மோட்டாரும் பேட்டரியும்தான் இருந்தன. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம் வெளியிட்ட பாந்தர் டாங்கி, பேட்டரி அடங்கும் அளவுக்கு வடிவமைக்கப்பட்டது. அதன் அளவு ஏறக்குறைய 1:35 என அமைந்தது. இன்று ராணுவ வாகன மாதிரிகளில் அதிகம் புழங்கும் அளவு அதுதான்!

இப்போது மோட்டார் இருந்த இடத்தில் டாங்கியின் முழு உள்ளமைப்பே குடியேறிவிட்டது. ஜெர்மனியின் டைகர் டாங்கியில் 92 குண்டுகள் அடுக்கலாம், 88 மி.மீ. குண்டு இந்த அளவில் இரண்டரை மி.மீ. தடிமன்தான். ஒவ்வொன்றுக்கும் வண்ணம் பூசி அடுக்குக்குள் வைக்க வேண்டும். வானொலிப் பெட்டிக்குப் போகும் ஒயர்களுக்கு மெல்லிய ஈயக்கம்பி வாகானது. வளைத்தால் வளைந்தபடி நிற்கும்.

நிறத்தில்தான் ஆளின் தேர்ச்சி தெரியும். வெளிச்சம் குறைந்த உள்ளறை என்பதால் அமெரிக்காவின் ஷெர்மன் டாங்கிக்கு வெள்ளை, ஜெர்மன் டாங்கிகளின் மேற்பகுதிக்குத் தந்தநிறம். அடிப்பகுதியிலோ துருக்காப்புச் செம்பூச்சு. வீரர்களின் பூட்ஸ் உரசும் தரையில் மட்டும் வண்ணம் தேய்ந்து இரும்பு தெரியவேண்டும். எல்லா மூலையிலும் துருவை அப்புவோர் உண்டு. அது போர்க்கள டாங்கி அல்ல, காயலான் கடைச் சரக்கு.

ஐயம் வந்தால் இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகம் இருக்கிறது. 1943இல் துனிசியாவில் பிடிபட்ட ‘டைகர் 131’ அங்கே இன்றும் ஓடும் நிலையில் நிற்கிறது.

இத்தனையும் முடித்து மேல்தட்டை ஒட்டினால், மூடித்துளை வழியே ஓர் இருக்கை தெரிந்தாலே அதிகம். அதனால் சிலர் மேல்தட்டை ஒட்டாமலே கழற்றி மாட்டுகிறார்கள். சில பெட்டிகளில் கண்ணாடிபோன்ற மேல்பாகங்களும் வருகின்றன.