போட்டால் செராமிக் போட வேண்டும்!

பன்னிரண்டு சிலிண்டர் கார் வைத்திருப்பவனிடம் “உன் காரில் உனக்கு எது ரொம்பப் பிடிக்கும்?” என்று கேட்டால், இன்ஜின் என்றுதான் சொல்வான். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது கேட்டுப் பாருங்கள்: பிரேக்! கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், பிரேக்! என் ஆஸ்டன் மார்ட்டின் டிபி9-க்கு கார்பன் செராமிக் பிரேக் மாட்டியாகிவிட்டது. அந்தப் பெடலில் கால் வைக்கும் சுகத்துக்காகவே, வேலை எதுவும் இல்லாவிட்டாலும் வண்டியை வெளியே எடுக்கிறேன்.

மாட்டுவதற்கு முன் எத்தனை அறிவுரைகள்! பர்மிங்காமில் என்னைப் போலவே கார்ப் பைத்தியம் பிடித்த நண்பர்கள் எல்லோரும் ஒரே பாட்டுப் பாடினார்கள். “செராமிக் ரேஸ் ஓட்டுகிறவனுக்கு. உன்னுடையது ஊர் சுற்றும் வண்டி. உனக்கு எதற்கு?” வீட்டில் கேள்வி இன்னும் நேராக வந்தது. “ஏங்க, ஓடுறதுக்குக் காசு கொடுத்தாக்கூடப் பரவாயில்ல. நிக்கிறதுக்கு யாராச்சும் இவ்வளவு கொடுப்பாங்களா?”

கொடுக்கலாம். தாராளமாகக் கொடுக்கலாம்! நண்பர்களின் கணக்குத்தான் தலைகீழ். போர்ஷே ஜிடி3 மாதிரி காரை அடிக்கடி ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர்களில் பலர், கம்பெனி போட்டுக் கொடுத்த செராமிக் டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு இரும்பு டிஸ்க் போட்டுக்கொள்கிறார்கள். சுற்றுக்குச் சுற்று விடாமல் ஏறும் சூட்டில் செராமிக்கில் உள்ள கார்பன் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து போகும். புது டிஸ்க்கின் விலையோ தலையைச் சுற்ற வைக்கும். செராமிக்கின் உண்மையான வீடு டூரிங் கார்தான். கனமான வண்டி, இரண்டு ஆள், டிக்கி நிறையப் பெட்டி, காலையில் ஆட்டோபான், மாலையில் ஆல்ப்ஸ் மலை இறக்கம். அந்தப் பிழைப்புக்கென்றே பிறந்த பிரேக் இது.

டிபி9-ஐத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 2003-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டினார்கள். இங்கிலாந்தின் வார்விக்‌ஷயரில் உள்ள கேடன் தொழிற்சாலையில் தயாரானது. முன்னால் 5.9 லிட்டர் வி12, பின்னால் கியர்பாக்ஸ், எடையை இரண்டு பக்கமும் பகிர்ந்துகொள்ளும் அலுமினிய உடம்பு. மணிக்கு 300 கிலோமீட்டர் வரை போகும். இரும்பு டிஸ்க் முன்னால் 355 மில்லிமீட்டர், பின்னால் 330. அந்த இரும்பு பிரேக்கை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் நல்லதற்கும் அற்புதத்துக்கும் நடுவே ஒரு தூரம் இருக்கிறதே, அதைத்தான் காசு கொடுத்துக் கடந்தேன்.

கணக்கைப் பாருங்கள், சொக்கிப் போவீர்கள். ஆளும் பெட்டியும் பெட்ரோலும் சேர்ந்து என் வண்டி கிட்டத்தட்ட 2,000 கிலோ. மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது அதில் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 0.77 மெகாஜூல். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு: 200-இல் 3 மெகாஜூலைத் தாண்டிவிடும். ஒன்பது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. அழுத்திப் பிடித்தால் ஆறே விநாடியில் அத்தனையையும் நான்கு டிஸ்க்கும் வாங்கிக்கொள்ள வேண்டும்!

வாங்கிக்கொள்வது எப்படிப்பட்ட பொருள் என்று தெரிந்தால் இன்னும் மயங்குவீர்கள். நறுக்கிய கார்பன் இழைகளைப் பிசினோடு கலந்து, அச்சில் அழுத்தி, காற்றுப் படாமல் சூளையில் வைத்துக் கரியாக்குகிறார்கள். பிசின் கருகிய இடமெல்லாம் நுண்ணிய துளைகள். பிறகு வெற்றிடச் சூளையில், சிலிக்கான் உருகும் 1,414 டிகிரிக்கும் மேலே சூடேற்றி, உருகிய சிலிக்கானை அந்தத் துளைகளுக்குள் இறங்க விடுகிறார்கள். அது கார்பனோடு சேர்ந்து சிலிக்கான் கார்பைடு ஆகிறது. உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் சொரசொரப்புத் துகளும் அதே பொருள்தான், அவ்வளவு கெட்டி. அந்தக் கெட்டிக்குள் கார்பன் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, டிஸ்க் விரிசல் விடாமல் பிடித்துக்கொள்கின்றன. எடையோ அதே அளவு இரும்பு டிஸ்க்கில் ஏறக்குறையப் பாதி.

கார்பன் பிரேக் முதலில் ஏறியது ஆகாயத்தில். கான்கார்டு விமானத்துக்கு டன்லப் செய்து கொடுத்தது. 1976-இல் பிரபாம் அணி அதை ஃபார்முலா ஒன்னுக்கும் கொண்டுவந்தது. ஆனால் அது வெறும் கார்பன். சூடேறாமல் பிடிக்காது, அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் பால் வாங்கப் போக முடியாது. சிலிக்கான் கார்பைடு கலந்த பிறகுதான் குளிர்ந்த காலையிலும் முதல் மிதியிலேயே பிடிக்கிற பிரேக் வந்தது. 2001-இல் போர்ஷே தன் 911 ஜிடி2-வில் அதைப் போட்டது. ஆஸ்டனில் 2007-இல் டிபிஎஸ் காரில் வந்தது: முன்னால் 398 மில்லிமீட்டர் டிஸ்க், ஆறு பிஸ்டன் காலிப்பர்; பின்னால் 360 மில்லிமீட்டர், நான்கு பிஸ்டன். டிபிஎஸ் வேறு யாருமில்லை, டிபி9-இன் சொந்த அண்ணன். அண்ணன் சட்டை தம்பிக்குச் சேராதா என்ன? அந்த 398-க்கு 360 அளவைத்தான் என் வண்டிக்கும் தேர்ந்தெடுத்தேன்.

சேரும், ஆனால் அளந்து பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். என் வீல் 19 அங்குலம், அதாவது 482 மில்லிமீட்டர் சொச்சம். அதற்குள் 398 மில்லிமீட்டர் டிஸ்க்கை வைத்தால் சுற்றிலும் மிஞ்சுவது 42 மில்லிமீட்டர்தான். காலிப்பரின் முதுகு அந்த இடுக்கில் அடங்க வேண்டும். வீல் ஸ்போக்கின் வளைவும் காலிப்பர் முகத்தில் இடிக்கக் கூடாது. வார்விக்‌ஷயரில் பழைய ஆஸ்டன்களை மட்டுமே பார்க்கும் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். அங்கிருந்த பெரியவர் முதலில் ஸ்பேனரைத் தொடவே இல்லை. காலிப்பர் அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி, வீலுக்குள் வைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார். அப்போதே எனக்கு நிம்மதி வந்துவிட்டது.

அன்று முழுக்க அவர் பக்கத்திலேயே நின்றேன். கழற்றிய இரும்பு டிஸ்க்கை என் கையில் கொடுத்தார், தோள்பட்டை இறங்கியது. புது டிஸ்க்கைக் கொடுத்தார். முன்பைவிடப் பெரியது, ஆனால் கை தானாக மேலே போனது! சாம்பல் நிற முகத்தில் இழைகள் தெளித்தாற்போலத் தெரிந்தன. நடுவில் அலுமினியக் கிண்ணம். டிஸ்க் சூட்டில் விரிந்தாலும் கிண்ணம் கோணாதபடி இரண்டையும் சின்னச் சின்ன உலோக முடிச்சுகளால் கோத்திருக்கிறார்கள். நகை மாதிரி இருந்தது. வரவேற்பறையில் மாட்டி வைக்கலாம் போலிருந்தது.

டிஸ்க்கும் காலிப்பரும் மாறினால் வேலை முடிந்ததா? இல்லை. செராமிக் டிஸ்க்குக்கென்றே செய்த பேட்தான் போட வேண்டும். வேறு பேட் போட்டால் டிஸ்க்கும் கெடும், பிடிப்பும் கெடும். காலிப்பர் பிஸ்டன்களின் மொத்தப் பரப்புக்கு மாஸ்டர் சிலிண்டர் ஒத்துவர வேண்டும். இல்லாவிட்டால் பெடல் ஒன்று கல்லாக இருக்கும், அல்லது பஞ்சாக அமுங்கும். முன் பின் பங்கும் குலையக் கூடாது. முன்னால் மட்டும் மாற்றிச் செலவைக் குறைக்கலாமே என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். பிரேக் ஆயிலையும் அன்றே முழுக்க மாற்றினார். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி அந்த அளவு 155 வரை இறங்கிவிடும். ஆயில் கொதித்து ஆவி வந்துவிட்டால், எந்த டிஸ்க் போட்டிருந்தாலும் பெடல் தரைக்குப் போய்விடும்.

பிறகு பதப்படுத்தல். ஆளில்லாத சாலையில் வேகம் எடுப்பது, மெல்லப் பிரேக் பிடிப்பது, முழுக்க நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுப்பது, ஆற விடுவது. ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் அழுத்தம். பேட் தன் மாவை டிஸ்க் முகத்தில் சீராகப் பூசிக்கொள்ளும் வரை இதுதான் வேலை. முதலில் மொழுக்கென்று இருந்த பெடல் போகப் போக உறுதியாகி, ஒரு கட்டத்தில், அடடா! கட்டைவிரலை அழுத்தினால் கட்டைவிரல் அளவுக்கு, முழுப் பாதத்தை அழுத்தினால் முழுப் பாதத்தின் அளவுக்கு, கேட்டதைக் கேட்டபடி கொடுக்கிறது. கூட இல்லை, குறைய இல்லை.

எதிர்பாராத இன்னொரு வரவு, ஓட்டம். டிஸ்க் தொங்குவது ஸ்பிரிங்குக்குக் கீழே. அங்கே குறையும் ஒவ்வொரு கிலோவும் வீலை லேசாக்கி, மேடு பள்ளத்தைச் சட்டென்று ஏறி இறங்க வைக்கிறது. பர்மிங்காம் சாலைகளின் ஒட்டுப் போட்ட குழிகளில் முன்பு ‘தொம்’ என்று கேட்டது, இப்போது ‘தப்’ என்கிறது. ஸ்டீயரிங் திருப்பிய கணமே மூக்கு திரும்புகிறது. பிரேக் வாங்கப் போய் சஸ்பென்ஷனும் வாங்கி வந்தாற்போல!

கோடையில் நானும் வீட்டம்மாவும் கிளம்பினோம். சுரங்க ரயிலில் கால்வாயைக் கடந்து, ஜெர்மனியின் ஏ5 ஆட்டோபானில் தெற்கே. வேகக் கட்டுப்பாடு இல்லாத ஒரு நீண்ட நேரில் வி12 பாடிக்கொண்டிருந்தபோது, தூரத்தில் ஒரு வேன் எங்கள் பாதைக்கு நகர்ந்தது. அழுத்தினேன். வண்டியை யாரோ பின்னாலிருந்து பெரிய கையால் பிடித்து அமர்த்தினாற்போல வேகம் இறங்கியது. நடுக்கம் இல்லை, பக்கவாட்டில் இழுப்பு இல்லை. பக்கத்தில் இருந்தவர் போனிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. அந்த ஒரு நொடிக்கே கொடுத்த காசு தகும்.

பாசல், கோத்தார்ட், மிலான் தாண்டி ஏ4 நெடுஞ்சாலையில் பெர்கமோ நெருங்கியதும் இடதா வலதா என்று கழுத்தை நீட்டினேன். சாலையோரம் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குச் சிவப்புச் சுவர்! ழான் நூவெல் வடிவமைத்த கிலோமெத்ரோ ரோஸ்ஸோ வளாகம். உலகத்துக்கெல்லாம் பிரேக் செய்யும் பிரெம்போவின் தலைமையகம் அதற்குள்தான் இருக்கிறது. கோயில் கோபுரம் பார்த்தவனைப் போல ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கும்பிட்டேன். வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகு வந்தது ஸ்டெல்வியோ கணவாய். 1820-களில் கார்லோ தொனெகானி என்ற பொறியாளர் ஆஸ்திரியப் பேரரசுக்காகப் போட்ட பாதை. உச்சி 2,757 மீட்டர். போர்மியோ பக்கமாக ஏறி, பிராத்தோ பக்கமாக இறங்கினோம்: 48 கொண்டை ஊசி வளைவுகள், 1,800 மீட்டருக்கும் மேற்பட்ட இறக்கம். என் வண்டி எடைக்கு அந்த இறக்கம் 36 மெகாஜூல். 200 வேகத்திலிருந்து பன்னிரண்டு தடவை நிறுத்துவதற்குச் சமம்! இன்ஜினும் காற்றும் கொஞ்சம் பங்கெடுத்துக்கொண்டாலும் மிச்சமெல்லாம் டிஸ்க் தலையில்தான். சின்னக் கியரில் இன்ஜினைப் பிடித்துவைத்து, வளைவுக்கு முன் ஒரே அழுத்து, விடு, திரும்பு. மறுபடி அழுத்து, விடு, திரும்பு. கடைசி வளைவிலும் பெடல் முதல் வளைவில் இருந்த உயரத்திலேயே இருந்தது. மலைப் பஸ்ஸில் இறங்கியவர்களுக்கெல்லாம் தெரிந்த அந்தக் கருகல் வாடை வழியெங்கும் வந்தது. கண்ணாடியை இறக்கி மோப்பம் பிடித்தேன், என் வண்டியிலிருந்து இல்லை! கீழே இறங்கியதும் “இவ்வளவுதானா? எனக்குத் தலையே சுத்தலயே” என்றார் வீட்டம்மா. இதைவிட நல்ல பிரேக் பரிசோதனை அறிக்கையை எந்த இன்ஜினீயரும் எழுத முடியாது.

வீட்டில் நிற்கும்போதும் சுகம்தான். வீலில் கரிப் பொடி படிவது கிட்டத்தட்ட நின்றேபோனது. குளிர்காலத்தில் இங்கே சாலையெல்லாம் உப்பு. கழுவி நிறுத்தினால் இரும்பு டிஸ்க் விடிவதற்குள் செம்பட்டையாகிவிடும். செராமிக் துருப்பிடிக்குமா? மூச்!

கறாராகவும் சொல்கிறேன். நான்கு வீலுக்கும் சேர்த்து ஒரு சின்னப் புதுக் காரின் விலை ஆகும். மழையில் நீண்ட நேரம் மிதிக்காமல் வந்தால், முதல் தொடுதலில் ஒரு கணம் தயங்கும். சில காலைகளில் லேசாக முனகும். வீலைக் கழற்றும்போது டிஸ்க் விளிம்பில் இடித்தால் சில்லு தெறிக்கும். டயர் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, பக்கத்திலேயே நில்லுங்கள். அமிலம் கலந்த வீல் கிளீனர் பக்கம் போகாதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் மாட்டாதீர்கள். தேய்மானத்தைத் தடிமனை மட்டும் அளந்து கண்டுபிடிக்க முடியாது. எடை போட வேண்டும். குறைந்தபட்ச எடை இவ்வளவு என்று டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். பழைய செட் வாங்குகிறவர்கள் தராசு இல்லாமல் காசை எடுக்க வேண்டாம்.

பழைய டிபி9 தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: 2013 மாடலிலிருந்து கம்பெனியே செராமிக் போட்டுக் கொடுத்தது. முந்தைய மாடல் வைத்திருப்பவர்களே, எக்ஸாஸ்ட் மாற்றலாமா, இன்னும் 50 குதிரைசக்தி ஏற்றலாமா என்று இரவெல்லாம் கணக்குப் போடுகிறீர்களே, அந்தப் பணத்தை அப்படியே எடுத்து வையுங்கள். இன்னும் கொஞ்சம் சேருங்கள். நான்கு வீலுக்கும் செராமிக் போடுங்கள். வி12 இன்ஜினை முழுசாக அனுபவிக்க விடுவதே இந்தப் பிரேக்தான்!