குடும்பக் கட்டுப்பாட்டில் இல்லாத பெண்

எங்கள் வீட்டுப் பெண்கள் ‘குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சு’ என்றால் ஒரே பொருள்தான். இரண்டாவது பிரசவத்தோடு கருக்குழாயைக் கட்டிவிட்டார்கள். ஆணுறையையோ மாத்திரையையோ காப்பர் டீயையோ அந்தச் சொல் குறிப்பதில்லை. ஆணுக்கும் செய்யலாம் என்ற நினைவுகூட அதில் இல்லை. ஒரு திட்டத்தின் பெயர், பெண் உடம்பில் செய்யும் ஓர் அறுவைச் சிகிச்சையின் பெயராகச் சுருங்கிவிட்டது. இந்தப் பொருட்சுருக்கத்தை ஒரு பிரதியைப் போல வாசிக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். ஒரகடத்திலிருந்து வந்த ஓர் அழைப்பு அதைத் தள்ளிப்போட முடியாமல் செய்தது.

என்னிடம் இளங்கலைத் தமிழ் படித்தவள். இருபத்திரண்டு வயது. தொழிற்சாலை வேலை, விடுதி வாசம். “மேம், உங்ககிட்டதான் கேக்க முடியும்” என்று ஆரம்பித்தாள். அவசரக் கருத்தடை மாத்திரைக்காக மூன்று மருந்துக் கடை ஏறியிருக்கிறாள். முதல் கடையில் “இல்லம்மா”. இரண்டாவதில் “டாக்டர் சீட்டு இருக்கா?” மூன்றாவதில் “கல்யாணம் ஆயிடுச்சா?” அன்று இரவு ஷிப்ட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த மாத்திரையை இந்தியாவில் 2005 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கலாம். உறவு கொண்ட 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போட வேண்டும். அது கருவுறுதலைத் தடுப்பது, கருவைக் கலைப்பதல்ல. ஆனாலும் தமிழ்நாட்டுக் கடைகளில் அது பல ஆண்டுகளாக அரிய சரக்கு. மறுநாள் எனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் அவளை அனுப்பினேன். ஐந்து நாளுக்குள் பொருத்தினால் காப்பர் டீயும் அவசரக் கருத்தடையாக வேலை செய்யும் என்று சொல்லி, அவள் சம்மதத்தோடு பொருத்தினார். கல்யாணக் கேள்வி அங்கே எழவில்லை. ஒரு நாள் சம்பளம் மட்டும் போயிற்று.

அந்தப் பகுதியில் கல்யாணக் கேள்வி கடைவாசலில் மட்டும் கேட்கப்படுவதில்லை. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலைக்கு மணமான பெண்களை எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பாகுபாடு காட்டவில்லை என நிறுவனம் மறுத்தது. மத்திய அரசு தமிழ்நாட்டுத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. இரண்டு மாதத்தில், ஒரகடத்துக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில், 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதியை முதலமைச்சர் திறந்துவைத்தார். இத்தனை இளம்பெண்களுக்குக் கட்டில் யோசித்தோம், சாப்பாடு யோசித்தோம், பேருந்து யோசித்தோம். அவர்களுக்கு உடம்பும் விருப்பமும் உண்டு என்பதை யார் யோசித்தது?

நிச்சயமாக நம் புள்ளிவிவரம் அல்ல. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15–49 வயது மணமான பெண்களில் ஏறத்தாழ 58 சதவீதத்தினர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவைச் சிகிச்சையை நம்பியிருப்பவர்கள் 0.1 சதவீதம். வயிற்றைத் திறக்காமல் சில நிமிடங்களில் முடிகிற சிகிச்சை ஆணுக்குத்தான். நெருக்கடி நிலைக் காலத்தில் ஆண்களை வலுக்கட்டாயமாக அறுத்த அரசு 1977இல் தோற்றது. ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்ற துறைப்பெயர் ‘குடும்ப நலம்’ ஆயிற்று. பெயர் மென்மையாகிக் கத்தி பெண்கள் பக்கம் திரும்பியது. அந்த வாக்கியத்தில் இன்னொரு சொல்லையும் கவனியுங்கள்: ‘மணமான’. ஆலைக்குக் கல்யாணம் ஆனவள் வேண்டாம் என்கிறார்கள். குடும்ப நலக் கணக்குக்கோ கல்யாணம் ஆகாதவள் கண்ணில் படுவதில்லை.

‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் பெரியார் கர்ப்பத்தடைக்கு ஒரு தனிக் கட்டுரையே ஒதுக்கினார். மற்றவர்கள் தாயின் உடல்நலம், குடும்பத்தின் வறுமை, நாட்டின் பொருளாதாரம் என்ற காரணங்களுக்காகக் கேட்கிறார்கள், தான் கேட்பது பெண்ணின் விடுதலைக்காக என்று அதில் பிரித்துக் காட்டுகிறார். பிறகு வந்த அரசுகள் அவர் ஒதுக்கிய காரணங்களை எடுத்துக்கொண்டு, அவர் சொன்ன காரணத்தை விட்டுவிட்டன. விடுதலைதான் காரணம் என்றால் கருத்தடை இரண்டு பிள்ளைக்குப் பிறகு தொடங்கக் கூடாது. அது முதல் உறவுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

நாங்களும் தப்பவில்லை. 2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு வந்து பெரும் சர்ச்சை எழுந்தபோது, எங்கள் தலைமுறைக் கவிகள் உடலை எழுதும் உரிமைக்காக நின்றோம். என் தொகுப்புகளில் கருப்பை எத்தனையோ முறை வருகிறது. நிலமாக, இருளாக, கடலாக. காப்பர் டீ ஒரு முறைகூட வரவில்லை. உடலை உருவகமாக்கினோம். அதைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று பேசவில்லை.

அதனால் இங்கே உருவகமில்லாமல் சொல்கிறேன். தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டிய மாத்திரை, வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறுகிறவளுக்குக் கடினம். ரத்த அழுத்தமோ ஒற்றைத் தலைவலியோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது. காப்பர் டீக்கு ஞாபகம் தேவையில்லை. வகையைப் பொறுத்து ஐந்து அல்லது பத்து ஆண்டு நிற்கும். ஆனால் முதல் சில மாதங்கள் உதிரப்போக்கும் வலியும் கூடலாம், கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டிய வேலையில் அது சின்ன விஷயமல்ல. அரசு 2017இல் கொண்டுவந்த ‘அந்தரா’ ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. ‘சாயா’ மாத்திரையில் ஹார்மோன் இல்லை, முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. பால்வினை நோயிலிருந்தும் காப்பது ஆணுறை. எது பாதுகாப்பானது என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. அவளுடைய உடம்பும் ஷிப்ட்டும் விருப்பமும் சேர்ந்துதான் பதில். அதற்கு யாராவது அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும்.

சட்டம் தன் சொல்லைத் திருத்திக்கொண்டது. கருத்தடை தவறினால் கருக்கலைப்புச் செய்யலாம் என்ற விதியில் 2021 வரை ‘மணமான பெண், அவள் கணவன்’ என்றிருந்தது, ‘பெண், அவள் இணை’ என்று மாறியது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மணமாகாத பெண்ணுக்கும் சம உரிமை என்றது. தில்லியில் மாறிய சொல் ஒரகடத்துக் கடைவாசலுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

போன வாரம் அவள் மறுபடி கூப்பிட்டாள். “மேம், ரூம்ல இன்னும் ரெண்டு பேர் கேக்கறாங்க. அந்த டாக்டர் நம்பர் குடுக்கலாமா?”

கொடு என்றேன். விடுதியின் ஒரு அறைக்கு அது போதும். மற்ற அறைகளுக்கு என் கைப்பேசி எண்கள் போதாது.