ஓட்டின் மேல் ஒரு கொடி

திருமுல்லைவாயில் என்ற பெயரிலேயே ஒரு கொடி படர்ந்திருக்கிறது. யானையின் காலைச் சுற்றிக்கொண்ட முல்லையைத் தொண்டைமான் வாளால் வெட்ட, வாள் லிங்கத்தின் மேல் பட்டது என்பது மாசிலாமணீசுவரர் கோயிலின் ஸ்தல புராணம். இந்த ஊர்க்காரன் மண் ஓட்டில் சித்திரம் தீட்டப் புறப்பட்டால் முல்லைக்கொடியை விட்டு வேறு எதை வரைவான்? நானும் அதைத்தான் வரைந்தேன்.

சுவரில் பதிப்பதற்காகக் கையால் தட்டிய பன்னிரண்டு சதுர ஓடுகள். அவை நன்றாகக் காய்ந்தபின், வெள்ளை மண்ணைக் கரைத்துத் தூரிகையால் எழுதினேன். சூளையிலிருந்து ஓடுகள் வந்தன, கொடி வரவில்லை. பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருந்தது. சுட்டுக் கொடுத்த குயவர் சிரிக்கவில்லை.

"ஓடு சுருங்கி முடிஞ்சப்புறம் பூசியிருக்கீங்க, ஐயா. பூச்சு அதுக்கப்புறந்தானே சுருங்கும்? பாதி ஈரத்துல பூசினா ரெண்டும் சேர்ந்து சுருங்கும்" என்றார்.

அலங்காரத்தைப் பற்றி இதைவிடத் தெளிவான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

கீழடி ஓடுகளை நினைத்துப் பார்க்கிறேன். மேல் ஓரத்தில் கட்டுவதற்கு இரண்டு துளைகள். உடலில் விரலால் இழுத்த பள்ளங்கள். மழைநீர் வழிவதற்காக அவை என்று 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இழுத்தவன் அழகை நினைத்தானோ இல்லையோ, கோடு அழகாகத்தான் இருக்கிறது. மண் ஈரமாக இருந்தபோதே அது மண்ணோடு சேர்ந்துவிட்டது.

ஆத்தங்குடிக் கல் சிமெண்டு ஜாதி, சூளைக்குப் போகாது. ஆனால் அங்கேயும் கதை இதுதான். கண்ணாடித் தகட்டின் மேல் முதலில் வர்ணக் கலவையை ஊற்றி, அதன் முதுகில் சிமெண்டும் மணலும் போடுகிறார்கள். பூ முதலில், கல் பிறகு. பூவை மேலே ஒட்டுகிற பேச்சே இல்லை.

இரண்டாம் முறை, பாதி ஈரத்தில் முல்லை இலையையே வைத்து அழுத்தினேன். நரம்பெல்லாம் துல்லியமாக விழுந்தது, உதிரவும் இல்லை. ஆனாலும் திருப்தி இல்லை. அது இலையின் சாமர்த்தியம், என்னுடையது எங்கே?

ஓர் ஓட்டை நகர்த்தும்போது என் நான்கு விரல்களும் தவறிப் பதிந்திருந்தன. குயவர் அதைத்தான் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். நாவலில் வர்ணனையை எழுதி முடித்தபின் சேர்க்கிற வழக்கம் எனக்கு உண்டு. அந்தப் பக்கங்களைத்தான் வாசகர்கள் புரட்டிவிட்டுப் போகிறார்கள். ஏன் என்று இப்போது தெரிகிறது.