நாவலப்பிட்டி: மலையகப் புனைகதை கடந்து செல்லும் நகரம்

இங்கிலாந்தின் வடபுலக் கைத்தொழில் நகரங்களின் இயல்பை அறிய விழையும் இலக்கிய மாணவன் வரலாற்று நூல்களுக்கு முன்னர் நாவல்களையே நாடுவதுண்டு. மான்செஸ்டர்த் தொழிலாளரின் நிலையை எங்கெல்ஸ் 1845 இல் ஆய்வு நூலாக்கினார். மூன்றாண்டுகளின் பின் எலிசபெத் காஸ்கெல் ‘மேரி பார்ட்டன்’ நாவலில் அந்நகரையே கதைமாந்தருள் ஒன்றாக்கினார் எனலாம். மலையகத் தமிழ்ப் புனைகதையை இக்கண்கொண்டு நோக்குமிடத்து ஒரு வெறுமை புலப்படுகின்றது. தோட்டம் உண்டு, லயம் உண்டு, விட்டுவந்த தமிழகக் கிராமமும் உண்டு. நகரம் மட்டும் சாமான் வாங்கவும், நகை அடகு வைக்கவும், கோச்சி ஏறவும் பாத்திரங்கள் வந்து மீளும் இடமாகவே பெரும்பாலும் நின்றுவிடுகின்றது.

நாவலப்பிட்டி இதற்குத் தக்க சான்று. மகாவலிக் கரையிலுள்ள இவ்வூருக்குப் புகையிரதம் 1874 இல் வந்தது. கோப்பியை இறக்கிச் செல்வதே அதன் முதல் நோக்கம். 1884 இல் பாதை அட்டனை எட்டும்வரை பத்தாண்டுகள் நாவலப்பிட்டியே முடிவிடம். மேலே திம்புள, டிக்கோயாப் பகுதிகளின் விளைச்சல் மாட்டுவண்டிகளில் இங்கு வந்து சேர்ந்தது. இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை அதனிடத்தைப் பற்றிக்கொண்டபோதும் ஊரின் தொழில் மாறவில்லை. ஏற்றுதல், இறக்குதல், அட்டன் ஏற்றத்தில் ஏறும் இயந்திரங்களைப் பேணுதல் என்பனவே அதன் பிழைப்பு.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். மான்செஸ்டரில் ஆலையும் தொழிலாளியும் நகருக்குள்ளேயே இருந்தனர். மலையகத்திலோ தேயிலைத் தொழிற்சாலை தோட்டத்துக்குள் இருக்கின்றது, எனவே ஒப்பீடு பொருந்தாது என்பர். இம்மறுப்பு நியாயமானதே. ஆனால் நாவலப்பிட்டியின் தனித்தன்மை பிறப்பதும் அவ்வேறுபாட்டிலேதான். இது உற்பத்தி செய்யும் நகரன்று, கடந்து செல்லும் நகரம். இயந்திரக் கொட்டகை ஊழியனும் கொழுந்து பறிப்பவளும் ஒரே மேடையில் நிற்கின்றனர். முன்னவன் அரச ஊழியன், குடியுரிமையுள்ளவன். பின்னவளோ 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவளாகி, மறு ஆண்டில் வாக்குரிமையும் இழந்தவர்களுள் ஒருத்தி. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கெனவும் 3,00,000 பேரை இலங்கைக்கெனவும் பங்கிட்டது. அதன் பின்னர் அட்டன் பக்கத்திலிருந்து தலைமன்னார் நோக்கிச் சென்றோர் இந்நிலையத்தைக் கடந்தே சென்றனர். மக்கள் அதனை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். அதற்குக் கொடி காட்டியவனின் மனநிலை யாது? அவன் வீட்டில் அன்றிரவு என்ன பேசப்பட்டது? ஒரு நாவலாசிரியனுக்கு இதனினும் செறிவான பொருள் வாய்ப்பது அரிது.

கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964), தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ (1974) ஆகியன தோட்ட வாழ்வை உள்ளிருந்து காட்டிய சாதனைகள். அவை நகரத்தை எழுதவில்லை என்று குறைகூறுதல் மடமை. வெளியுலகு காணாத லயத்தை முதலிற் காட்டவேண்டிய தேவை அன்றிருந்தது. ஆயினும் அத்தேவையே பின்வந்தோருக்கு மரபாகி இறுகிவிட்டது. துரை, கங்காணி, தொழிலாளி என்ற முக்கோணத்துக்குள் அடங்காதோர் இதனால் கதைக்கு வெளியே நின்றனர்: கடைச் சிப்பந்தி, பாதை திருத்துவோன், இலிகிதன், கதிரேசன் கல்லூரிக்குத் தோட்டத்திலிருந்து நடந்துவந்து படித்து ஆசிரியனானவன். வேடிக்கை என்னவெனில், மலையக எழுத்தாளருட் பலர் இவ்விடைநிலைப் பிரிவினைச் சேர்ந்தவர்களே. தம் வாழ்வை விட்டுத் தம் பெற்றோரின் வாழ்வையே அவர்கள் எழுதினர்.

இதனால் நேர்ந்த இழப்பு கலை சார்ந்தது மட்டுமன்று. கோ. நடேசய்யர் 1931 இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அட்டன் நகரை மையமாகக் கொண்டே நிறுவினார். தோட்டத்துள் நுழைவதே தடைப்பட்டிருந்த காலத்தில் பத்திரிகையும் கூட்டமும் நகரத்திலேயே இயன்றன. நகரை நீக்கிப் பார்க்கும் கதையில் தொழிலாளி துன்பப்படுபவனாக மட்டுமே எஞ்சுகிறான். துண்டுப்பிரசுரத்தை மடியில் மறைத்துக்கொண்டு ஞாயிறு மாலையில் மலையேறுபவன் மறைந்துவிடுகிறான். சம்பள நாளுக்கு மறுநாள் நாவலப்பிட்டிக் கடைவீதியில் தமிழும் சிங்களமும் முஸ்லிம் வணிகரின் பேச்சும் கலந்தொலிக்க, கடன் கணக்குத் தீர்ப்பவர்களிடையே அவனும் நின்றிருப்பான்.