துன்பமும் மனந்திரும்புதலும்: ரமாபாயின் சாட்சியுரையை மொழிபெயர்ப்பதில் சில சிக்கல்கள்

1. முன்னுரை

கிறிஸ்தவ சமய அனுபவத்தைக் கூறும் தன்வரலாற்றைத் தமிழில் பெயர்க்கும்போது ஒரு வாய்பாடு எளிதில் வந்து அமர்ந்துகொள்கிறது. துன்பம் வந்தது, அதனால் விசுவாசம் பிறந்தது, ஆகவே வாழ்வு புதிதாயிற்று என்பதே அவ்வாய்பாடு. மூலத்தில் இல்லாத 'அதனால்', 'ஆகவே' என்னும் இணைப்புச் சொற்கள் இதன்வழிப் பெயர்ப்பினுள் புகுந்துவிடுகின்றன. பண்டித ரமாபாய் (1858-1922) 1907இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சாட்சியுரை இவ்வாய்பாட்டிற்கு அடங்காத ஒரு பனுவலாகும். 'எமது தீராத பொக்கிஷத்தைப் பற்றிய சாட்சி' என அதன் தலைப்பைத் தமிழில் தரலாம். துன்பம், சமய மாற்றம், உள்ளப் புதுப்பிப்பு ஆகிய மூன்றையும் அது தனித்தனியே நிறுத்துகிறது. இவ்வேறுபாடு தமிழில் எவ்வாறு காக்கப்படலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. துன்பத்தின் சொற்கள்

ரமாபாயின் தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே சமஸ்கிருதப் புலவர். சமூகத்தின் எதிர்ப்பிற்கிடையே தம் மனைவிக்கு அம்மொழியைக் கற்பித்தார். மகள் தாயிடமிருந்து அதனைக் கற்றார். குடும்பத்தினர் தலந்தோறும் சென்று புராணம் வாசித்து வாழ்ந்தனர். 1870களில் சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தில் தந்தை, தாய், தமக்கை ஆகியோர் அடுத்தடுத்து இறந்தனர். தமையன் 1880இல் மறைந்தார். அவ்வாண்டிலேயே ரமாபாயை மணந்த விபின் பிகாரி மேதாவி 1882இல் காலரா நோயால் இறந்தார். ஒரு பெண் குழந்தையுடன் ரமாபாய் தனித்து விடப்பட்டார்.

இவ்விழப்புகளை அவர் விதியின் செயலாகக் கூறவில்லை. புண்ணியம் கருதிப் பொருளையெல்லாம் தானமாகக் கொடுத்ததையும், குலப்பெருமையால் உடலுழைப்பிற்கு நாணியதையும் வெளிப்படையாகச் சொல்கிறார். அவ்வாக்கியங்களில் எழுவாய் 'நாங்கள்' என்பதே. 'பஞ்சம் எங்களை வாட்டியது' என்றே எங்கும் பெயர்த்தால், அவர் ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு மறைந்து இரக்கம் மட்டுமே எஞ்சும்.

தலைப்பிலுள்ள பெயரடையும் இங்கேதான் பொருள் பெறுகிறது. அதற்கு 'அழியாத', 'வற்றாத' என்னும் சொற்கள் பொருந்தக்கூடும்; எனினும் 'தீராத' என்பதே சிறந்தது. அரிசி தீர்ந்தது, பணம் தீர்ந்தது என்று வீட்டு வழக்கில் நாம் கூறும் வினை அதுவே. எல்லாம் தீர்ந்துபோன ஒரு குடும்பத்தில் பிறந்தவர் தீராத ஒன்றைப் பற்றிப் பேசுகிறார் என்பதைத் தமிழ் வாசகர் அச்சொல்லிலேயே உணர இயலும்.

3. ஒரு வினை, இரு செயப்படுபொருள்கள்

அசாமில் வாழ்ந்தபோது வங்கமொழியிலமைந்த லூக்கா நற்செய்தியை ரமாபாய் படித்தார். 1883இல் இங்கிலாந்து சென்று, அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள் வாண்டேஜ் நகரில் திருமுழுக்குப் பெற்றார். வாய்பாட்டின்படி கதை இங்கு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவ்வாறு முடியவில்லை. எட்டாண்டுகளுக்குப் பின்னரே, தாம் கண்டது கிறிஸ்தவ சமயத்தை, கிறிஸ்துவை அன்று என்பதை உணர்ந்ததாக அவர் எழுதுகிறார். வில்லியம் ஹாஸ்லம் என்னும் ஆங்கிலப் போதகரின் தன்வரலாற்றைப் படித்ததும் அவ்வுணர்விற்குத் துணைசெய்தது. போதகராகப் பணியாற்றிக்கொண்டிருந்த காலத்திலேயே மனந்திரும்பியவர் ஹாஸ்லம்.

ஆங்கில மூலத்தில் இரு நிலைகளுக்கும் ஆளப்படும் வினை ஒன்றே. செயப்படுபொருள் மட்டுமே மாறுகிறது. முன்னதை 'கிறிஸ்தவரானேன்' என்றும் பின்னதை 'கிறிஸ்துவைக் கண்டேன்' என்றும் பெயர்த்தால் வாக்கியம் இயல்பாக ஒலிக்கும். ஆயின் தம் தவற்றை அவர் அறிந்துகொண்ட முறை மறைந்துவிடும். 'கண்டடை' என்னும் கூட்டுவினையை ஈரிடத்தும் ஆளுதல் நலம்.

அதன்பின் வரும் பகுதியில் அவர் தேடுபவர் என்னும் நிலையிலிருந்து பெறுபவர் என்னும் நிலைக்கு மாறுகிறார். தமிழ் இதற்கு நல்ல கருவிகளைத் தருகிறது. கு. பரமசிவம் இயங்குவினை, இயக்குவினை எனப் பிரித்த 'திரும்பு - திருப்பு', 'மாறு - மாற்று' போன்ற இணைகள் ஒரு கருவி. 'எனக்குக் கிடைத்தது' என்பதுபோல் அனுபவிப்பவரை நான்காம் வேற்றுமையில் நிறுத்தும் வாக்கிய அமைப்பு மற்றொன்று. 'நான் பெற்றேன்' என்பதைக் காட்டிலும் 'எனக்குக் கிடைத்தது' என்பது கொடை என்னும் கருத்திற்கு நெருங்கியது.

'மனந்திரும்புதல்' என்னும் வழக்கையும் இங்குக் கருத வேண்டும். கிரேக்க 'மெட்டனோயா' மனத்தின் மாற்றத்தைச் சுட்டும். எபிரேய 'ஷூவ்' திரும்பி வருதலைச் சுட்டும். தமிழ்ச் சொல் இரண்டையும் ஒருங்கே தாங்குகிறது. இதனை விடுத்து 'மதமாற்றம்' என்னும் சொல்லால் 1883ஐயும் 1891ஐயும் ஒருசேரக் குறிப்பது பிழையாகும். முன்னது பதிவேட்டில் எழுதத்தக்கது, பின்னது அத்தகையதன்று.

4. தந்தையின் கடவுள்

இறப்பதற்கு முன் தந்தை மகளை அணைத்து, அவளைக் கடவுளின் கையில் ஒப்படைத்து, வாழ்நாளெல்லாம் அவருக்கே பணிசெய்யப் பணித்த காட்சி சாட்சியுரையின் உச்சம். தந்தை உண்மைக் கடவுளை அறியாதவர் எனக் கருதும் ரமாபாய், தாம் அக்கட்டளையையே நிறைவேற்றியதாகக் கொள்கிறார். அவர் தந்தையை விட்டு விலகவில்லை. தந்தையின் சொல்லுக்குப் புதிய பொருள் காண்கிறார்.

ஆங்கிலத்தில் பெரிய எழுத்து இவ்வொருமையைக் காட்டிவிடும். தமிழ் எழுத்தில் அவ்வசதி இல்லை. சீர்திருத்தத் திருச்சபை மரபில் 'தேவன்' என்பது வேரூன்றியுள்ளது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'கடவுள்' என்பதை ஆள்கிறது. தந்தையின் கூற்றில் 'தெய்வம்' என்றும் மகளின் கூற்றில் 'தேவன்' என்றும் எழுதினால், ஒரே சொல்லின் மேல் கட்டப்பட்ட பாலம் இடிந்துவிடும். ஈரிடத்தும் 'கடவுள்' என்பதும், ஈரிடத்தும் 'அவர்' என்னும் மரியாதைப் பன்மையும் வேண்டும்.

இத்தகைய சிக்கல்களை ரமாபாய் நன்கறிந்தவர். எபிரேயமும் கிரேக்கமும் கற்று, எளிய மக்களுக்கு விளங்கும் மராத்தியில் விவிலியத்தைப் பெயர்த்தார். அது அவர் மறைவிற்குப் பின் 1924இல் வெளியாயிற்று.

5. மதிப்பீடு

சாட்சியுரையில் குறையும் உண்டு. திருமுழுக்கிற்குப் பின் திருச்சபையின் அதிகாரம், திரித்துவம் ஆகியவை குறித்து அவர் அருட்சகோதரி ஜெரால்டினுடன் கடுமையாக வாதிட்டதை 1977இல் நூலாக வந்த கடிதங்கள் காட்டுகின்றன. 1907ஆம் ஆண்டின் நினைவுகூரல் அவ்வறிவுப் போராட்டத்தைச் சுருக்கி, அக்காலத்தை ஒரு வெறுமையாகவே காட்டுகிறது. கடிதங்களையும் உடன்வைத்துப் படிப்போருக்கு அவ்வெட்டாண்டுகள் வெறுமையல்ல என்பது புலப்படும்.

எனினும், துன்பத்தை நம்பிக்கைக்குச் செலுத்திய விலையாக அவர் எங்கும் எழுதவில்லை. பட்டினியைப் பட்டினியாகவும், கொடையைக் கொடையாகவும் வைக்கிறார். இரண்டிற்கும் இடையே அவர் இடாத 'ஆகவே'யை மொழிபெயர்ப்பாளர் இடாதிருத்தல் வேண்டும்.