கரிசலில் ஒரு ஹிஜ்ரத்: ‘கோபல்ல கிராமம்’ குறித்துச் சில சிந்தனைகள்

வேற்றுக் கோளில் மனிதர் குடியேறும் கதைகள் மேலைநாட்டு அறிவியல் புனைவில் ஏராளம். அவற்றுள் புகழ்பெற்றது, ரே பிராட்பரி 1950இல் வெளியிட்ட செவ்வாய்க் கோள் கதைத் தொடர். பூமியிலிருந்து சென்றோர் கொண்டுபோன சின்னம்மையால் அங்குள்ள பூர்வ குடிகள் மடிகின்றனர். குடியேற்றக் கதை எதுவாயினும் வாசகன் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு. வந்தவர் எதற்கு அஞ்சி வந்தார்? வந்த இடம் யாருடையது?

இவ்வினாக்களை நம் மண்ணிலேயே எழுப்பும் நாவல், கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976). தெலுங்கு நாட்டிலிருந்து தப்பி வந்த கம்மவார் குடும்பங்கள் காட்டை எரித்துக் கரிசலைக் கழனியாக்கி, தீவட்டிக் கொள்ளையரை எதிர்த்து நின்று ஊர் கண்ட கதை அது.

அவர்கள் அஞ்சி ஓடியது ஒரு ‘துலுக்க ராஜா’வுக்கு. சென்னாதேவி என்னும் அழகியை அவன் அடைய விரும்பினான் என்கிறது கதை. முஸ்லிம் வாசகர் இவ்விடத்தில் மனம் நோவது இயல்பே. ஆனால், சினந்து நூலை மூடுவதும் கண்டும் காணாததுபோல் கடப்பதும் ஆய்வு நெறியாகா. ஹதீஸ் கலை பயின்றோர் முதலில் கேட்பது, “இதை அறிவிப்பவர் யார்?” என்பதே. நாவலில் அறிவிப்பவர் 137 வயது மூதாட்டி மங்கத்தாயாரு அம்மாள். துரத்தி வருவோரிடமிருந்து தப்ப, ஆற்றங்கரை மரம் வளைந்து பாலமாவதும் அவர் சொல்லும் கதையிலேயே வருகிறது. இதையொத்த மரபுக் கதை தொட்டிய நாயக்கரிடையே வழங்கியதைத் தர்ஸ்டன் 1909இலேயே பதிந்துள்ளார். எனவே இது பல சமூகங்களிடையே உலவும் கதைக்கூறு, வரலாற்றுச் சான்றன்று. திருவரங்கத்தில் சுல்தானின் மகளைத் துலுக்க நாச்சியாராகப் போற்றுவதும் இதே மக்கள் நினைவுதான். கி.ரா. பாட்டியின் வாய்மொழியைப் பாட்டியின் வாய்மொழியாகவே தந்திருக்கிறார். அதை வரலாறாக்கி மேடையில் முழங்குவோர் செய்யும் பிழைக்கு நாவல் பொறுப்பன்று.

நாவலின் மீது நாம் வைக்க வேண்டிய விமர்சனம் இரண்டாம் வினாவைச் சார்ந்தது. தரிசு நிலத்தை உயிர்ப்பிப்பதை ஃபிக்ஹு நூல்கள் ‘இஹ்யாவுல் மவாத்’ என்னும் தலைப்பில் விரிவாகப் பேசுகின்றன. பிறர் உரிமை இல்லாத நிலத்தைப் பண்படுத்தியவருக்கே அது உரியது. அதற்கு ஆட்சியாளரின் அனுமதி வேண்டும் என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). வேண்டியதில்லை என்றனர் அவருடைய மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும். உழைப்பே உரிமை தரும் என்பதில் நாவலும் ஃபிக்ஹும் ஒன்றுபடுகின்றன. ஆனால், ‘பிறர் உரிமை இல்லாத’ என்னும் நிபந்தனையை நாவல் போதிய அளவு விசாரிக்கவில்லை. காடு எரியும் பகுதியை வாசிக்கையில், அக்காட்டை நம்பி வாழ்ந்தோர் யார் என்னும் வினா நம்முள் எஞ்சுகிறது.

கொடுமைக்கு அஞ்சி 615இல் அபிசீனியாவுக்கும் 622இல் மதீனாவுக்கும் ஹிஜ்ரத் சென்றோரின் வழிவந்தவர்கள் நாம். மதீனாவின் சிறப்பு, அடைக்கலம் தேடி வந்த முஹாஜிர்களோடு அடைக்கலம் தந்த அன்ஸார்களும் நம் வரலாற்றில் பெயரோடு நிற்பதே. கோபல்ல கிராமத்தின் முஹாஜிர்களை நாம் நன்கறிகிறோம். அம்மண்ணின் அன்ஸார்களோ மங்கலாகவே தெரிகின்றனர்.

இக்குறை இருப்பினும், இருப்பிடம் இழந்தோர் பிறிதொரு மண்ணில் வேரூன்றும் துயரையும் உழைப்பையும் இத்துணை நெருக்கமாகக் காட்டிய தமிழ் நாவல்கள் மிகச் சில. 2021இல் மறைந்த கி.ரா.வின் இப்படைப்பை முஸ்லிம் வாசகர் ஒதுக்கிவிடாமல் வாசிக்க வேண்டும். நம் பிள்ளைகளோடு அமர்ந்து விவாதிக்கவும் வேண்டும்.