பெட்டி சொன்ன பக்கக் கணக்கு

நாமக்கல்லில் முட்டை விலை ஐந்து பைசா இறங்கினால் டீக்கடையில் அன்றைக்கு அதுதான் பேச்சு. அதே ஊரில் வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வாங்கி வைத்திருக்கிறோம், ஒரு பக்கம் அடிக்க என்ன ஆகிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. போன வருஷம் வரை எனக்கும் தெரியாது.

எங்கள் வீட்டு உபயோகம் கொஞ்சம்தான். பையனுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட், அம்மாவுக்குப் பட்டா நகல், எப்போதாவது ரயில் டிக்கெட். புது கார்ட்ரிட்ஜ் போட்ட அன்றிலிருந்து தாளுக்கு ஒரு பென்சில் கோடு போட்டு வந்தேன் (கம்பெனி பெயர் வேண்டாம்). பெட்டியில் 180 பக்கம் என்று இருந்தது. 47-வது கோட்டில் இங்க் காலி. விலை 850 ரூபாய், அதாவது பக்கத்துக்கு 18 ரூபாய். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஐந்து ரூபாய்.

பெட்டி பொய் சொல்லவில்லை, அதுதான் விஷயமே. இங்க்ஜெட்டின் பக்கக் கணக்கு ஐஎஸ்ஓ 24711 முறைப்படி வருவது. குறிப்பிட்ட சில சோதனைப் பக்கங்களைத் தொடர்ந்து அடித்து, தீரும்வரை எண்ணுவார்கள். நம் வீட்டில் அப்படியா நடக்கிறது? இருபது நாள் தூசி படிந்து கிடக்கும். ஆன் செய்ததும் கரகரவென்று ஒரு சத்தம் வருமே, நாசில் காய்ந்து அடைத்துவிடாமல் இருக்க அது இங்க்கைத் துப்பித் தன்னைத்தானே கழுவிக்கொள்கிற சத்தம். அந்த இங்க் தாளுக்கு வருவதே இல்லை. எவ்வளவு குறைவாக அடிக்கிறோமோ அவ்வளவு அதிகம் வீண். மூன்று கலரும் ஒரே டப்பாவில் இருந்தால் இன்னும் மோசம், மஞ்சள் தீர்ந்த அன்றே மற்ற இரண்டும் குப்பைக்கு.

கோடு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்குக் கோபம் வருவது சிப் மேல்தான். 2016 செப்டம்பர் 13 அன்று ஹெச்பியின் சில ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் திடீரென்று வெளி கார்ட்ரிட்ஜ்களை ஏற்க மறுத்தன. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, கேட்பவர்களுக்கு மட்டும் தடையில்லாத ஃபர்ம்வேர் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் மே மாதம் லெக்ஸ்மார்க் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விற்று முடித்த கார்ட்ரிட்ஜ் மேல் காப்புரிமை பேச முடியாது என்று சொல்லிவிட்டது. சட்டத்தால் நிறுத்த முடியாததை நிறுத்தத்தான் சிப் இருக்கிறதே.

நம் ஊர்க்காரர்களின் பதில் ஊசி. சேலத்தில் ஒரு ரீஃபில் கடைக்காரர் என் கார்ட்ரிட்ஜைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இங்க் ஊத்திரலாங்க சார், சிப்பு ஒத்துக்கணுமல்லங்க" என்றார். வெளியே டேங்க் வைத்து ட்யூப் இழுக்கும் வேலையும் இப்படிக் கடைகளில் பிறந்ததுதான். எப்சன் அதையே கம்பெனிப் பொருளாக்கி 2010-ல் இந்தோனேசியாவில் இறக்கியது, பிறகு இந்தியாவுக்கும் வந்தது. அவர்களுடைய 003 கறுப்பு பாட்டில் 65 மில்லி, சுமார் 400 ரூபாய், 4,500 பக்கம் என்று கணக்கு. பக்கத்துக்கு ஒன்பது பைசா! அப்படியானால் இத்தனை வருஷம் இங்க்குக்கு என்று நாம் கொடுத்த காசு எதற்கு? பிரிண்டரைச் சல்லிசாக விற்றுவிட்டு, மீதியைத் தவணையாக வாங்கியிருக்கிறார்கள்.

டேங்க் வாங்கினால் தீர்ந்தது என்றும் சொல்ல மாட்டேன். அதுவும் கழுவிக்கொள்ளும், கழிவு இங்க் அடியில் உள்ள பஞ்சில் சேரும், ஒரு கவுண்டர் எண்ணிக்கொண்டே வந்து ஒருநாள் மெஷினை நிறுத்திவிடும். மாதம் பத்துத் தாள் அடிப்பவருக்குக் கறுப்பு லேசர் போதும், டோனர் பொடி காயாது. இல்லையென்றால் ஜெராக்ஸ் கடை.

அம்மா இப்போது கடைக்கே போகிறார். பிரிண்டரை ஸ்கேனருக்காவது வைத்துக்கொள்ளலாம் என்று போன வாரம் ஆன் செய்தேன். ஸ்கேன் செய்யக்கூட முதலில் கார்ட்ரிட்ஜ் மாற்றச் சொல்கிறது.